படகு ஜாடிக்கு எந்த மாத்திரை: ஆஸ்பிரினா, பாராசிட்டமாலா, டைக்ளோஃபெனாக்கா?

மீன்பிடித் தடைக்காலம் முடிய நாலு நாள் இருந்தது. மச்சான் கடைக்கு வந்தார். கையில் கழுவிக் காயவைத்த ஹார்லிக்ஸ் ஜாடி.

"மாப்ள, போட்டுக்கு மருந்து வேணும். காய்ச்சல், தலைவலி, மேலுவலி எல்லாத்துக்கும் ஒரே மாத்திரையா குடு. போன வருசம் பத்து தினுசு வாங்கிப் போட்டு, எது எதுக்குன்னே தெரியாமப் போச்சு. பேசாம டிஸ்பிரினே ரெண்டு அட்டை போட்டுரு. தண்ணியில கரைச்சுக் குடிச்சா டக்குன்னு கேக்குது."

ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் தங்கச்சிமடத்தில் மெடிக்கல் கடையில் நிற்கிறவன் நான். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் படகுகள் கரையில் கிடக்கும். மராமத்து, பெயின்ட், வலை பின்னுவது எல்லாம் முடிந்து, கடைசி வாரத்தில்தான் மருந்து ஞாபகம் வரும். வருகிறவர்களில் பாதிப் பேர் மச்சான் கேட்டதையேதான் கேட்பார்கள்: எல்லாவற்றுக்கும் ஒரே மாத்திரை. இத்தனை வருடமாக நானும் கேட்டதைக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தேன். அப்பாவுக்கு நடந்ததற்குப் பிறகு கொடுப்பதில்லை. அதைப் பின்னால் சொல்கிறேன்.

விசைப்படகில் ஐந்தாறு பேர் போவார்கள். காலையில் டோக்கன் வாங்கிக் கிளம்பினால் மறுநாள் காலையில்தான் கரை. நடுக்கடலில் ஒருவருக்கு ஏதாவது என்றால் அந்த ஹார்லிக்ஸ் ஜாடிதான் ஆஸ்பத்திரி. அதில் எதைப் போடுவது என்று அன்று மச்சானோடு உட்கார்ந்து பேசியதைத்தான் இங்கே எழுதுகிறேன். வீட்டு அலமாரிக்கும் கிட்டத்தட்ட இதே கணக்குதான்.

ஒரே மாத்திரை, இரண்டு வேலை

மச்சான் கேட்ட டிஸ்பிரின் வேறொன்றுமில்லை, தண்ணீரில் கரைகிற ஆஸ்பிரின்தான். ஆஸ்பிரினுக்கு அசெட்டைல் சாலிசிலிக் அமிலம் என்று வேதிப்பெயர். 1897-இல் ஜெர்மனியில் பேயர் நிறுவனத்தில் சுத்தமாகத் தயாரித்தார்கள். 1899-இல் ஆஸ்பிரின் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. எப்படி வேலை செய்கிறது என்பதை ஜான் வேன் என்ற இங்கிலாந்து விஞ்ஞானி 1971-இல்தான் கண்டுபிடித்துச் சொன்னார். அதற்கு 1982-இல் நோபல் பரிசும் கிடைத்தது. எழுபது வருடத்துக்கு மேல், ஏன் கேட்கிறது என்று தெரியாமலேயே உலகம் முழுங்கிக்கொண்டிருந்த மாத்திரை அது.

வலி, வீக்கம், காய்ச்சல் மூன்றுக்கும் உடம்பில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள்கள் காரணமாக இருக்கின்றன. அவற்றைச் செய்யும் நொதியை ஆஸ்பிரின் முடக்குகிறது. அதே நொதிதான் ரத்தத்தில் உள்ள தட்டணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் பொருளுக்கும் அடித்தளம். தட்டணுவுக்கு உட்கரு கிடையாது; ஒருமுறை நொதி முடங்கிவிட்டால் புதிதாகச் செய்துகொள்ள அதனால் முடியாது. அது சாகும் வரை, அதாவது ஏழிலிருந்து பத்து நாள் வரை, முடங்கினது முடங்கினதுதான். அதனால்தான் இதய நோயாளிக்கு 75 மில்லிகிராம் போதும். வலிக்குக் கேட்க வேண்டுமென்றால் 300 மில்லிகிராமுக்கு மேல், அதுவும் ஒரு நாளில் பல முறை வேண்டும்.

இன்னொன்று. இதே நொதிதான் வயிற்றின் உட்சுவரைக் காக்கும் வழவழப்புப் படலத்துக்கும் வேண்டும். வலிக்காக ஆஸ்பிரின் போடுகிறவர் வலியை மட்டும் நிறுத்துவதில்லை. வயிற்றின் காவலையும் எடுத்துவிட்டு, ரத்தம் உறைவதையும் ஒரு வாரத்துக்குத் தளர்த்திவிடுகிறார். தலைவலி ஒரு மணி நேரத்தில் போய்விடும். மற்றது போகாது.

மச்சானிடம் இதைச் சொன்னபோது, "அப்ப வலை இழுக்கும்போது கையில கிழிச்சா?" என்று கேட்டார். சரியான கேள்வி. கம்பிக் கயிறு, மீன் செதில், ஐஸ் உடைக்கும் ஊசி என்று ஒரு நாளைக்கு ஒருமுறையாவது ரத்தம் பார்க்காத கை படகில் கிடையாது. சாதாரணமாக அமுக்கிப் பிடித்தால் ஐந்து நிமிடத்தில் நிற்கிற ரத்தம், ஆஸ்பிரின் போட்டவருக்கு நிற்கக் கூடுதல் நேரம் எடுக்கும்.

சாதாரண வலிக்கும் காய்ச்சலுக்கும்

இங்கே எனக்குத் தயக்கமே இல்லை: பாராசிட்டமால். வயிற்றைப் புண்ணாக்காது, ரத்தம் உறைவதைத் தொடாது, சாப்பிட்டும் போடலாம், சாப்பிடாமலும் போடலாம். அதிகாலை நாலு மணிக்கு வரக்காப்பி ஒன்றோடு ஏறி, மத்தியானம் வரை ஒன்றும் தின்னாமல் வேலை பார்க்கிற ஆட்களுக்கு இந்தக் கடைசிக் காரணமே போதும்.

"அது வீக்கத்துக்குக் கேக்காதே" என்பார்கள். உண்மைதான். வீக்கத்தை இறக்கும் சக்தி அதற்குக் குறைவு. ஆனால் கடலில் ஒரு ராத்திரியை ஓட்டுவதற்கு வேண்டியது வலி குறைவதும் காய்ச்சல் இறங்குவதும். அதற்கு 650 மில்லிகிராம் ஒன்று, ஆறு மணி நேர இடைவெளி விட்டு, ஒரு நாளைக்கு நாலுக்கு மேல் இல்லாமல். நல்ல ஆரோக்கியமான பெரியவருக்கு நாளொன்றுக்கு 4 கிராம் வரை உச்ச அளவு என்று சொல்வார்கள். ஆனால் உடம்பு மெலிந்தவர்கள், குடிப்பவர்கள், மஞ்சள் காமாலை வந்து போனவர்கள் அந்த உச்சத்துக்குப் பக்கத்தில் கூடப் போகக் கூடாது, ஈரல் தாங்காது. சளி மாத்திரைகளிலும் பாராசிட்டமால் இருக்கும். அதையும் இதையும் சேர்த்து விழுங்குவதுதான் வழக்கமாக நடக்கிற தப்பு.

காய்ச்சலென்றால் இன்னொரு காரணமும் இருக்கிறது, அதை நான் கடைக்கு வருகிற எல்லாத் தாய்மாரிடமும் சொல்கிறேன். நம் கடற்கரையில் குழாய்த் தண்ணீர் தினம் வராது. வீட்டுக்கு வீடு டிரம், குடம், சின்டெக்ஸ். மூடாத டிரம்மில்தான் டெங்கு கொசு முட்டையிடும். ஐப்பசி, கார்த்திகையில் வரும் காய்ச்சல் டெங்குவா இல்லையா என்று முதல் மூன்று நாளில் யாராலும் தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது. டெங்குவில் தட்டணு எண்ணிக்கை தானாகவே விழும். மிச்சம் இருக்கும் தட்டணுக்களையும் ஆஸ்பிரின் முடக்கினால் என்ன ஆகும்? ஐபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக் ஆகிய வலி மாத்திரைகளுக்கும் இதே தடைதான். காய்ச்சல் என்றால் பாராசிட்டமால் மட்டும். பிள்ளைகளுக்கோ எந்தக் காய்ச்சலுக்கும் ஆஸ்பிரின் கூடவே கூடாது. அம்மை, ஃப்ளூ மாதிரியான காய்ச்சலில் கொடுத்தால் ரெய்ஸ் சின்ட்ரோம் என்று மூளையையும் ஈரலையும் தாக்கும் அரிய நோய் வரக்கூடும். அந்தக் காலத்துப் பாட்டிகள் ஏ.பி.சி. மாத்திரையைப் பாதியாக ஒடித்துக் குழந்தைக்குக் கொடுத்த கதையெல்லாம் போகட்டும். அதில் இருந்த 'ஏ' ஆஸ்பிரின்தான்.

அப்பா விஷயம்

அப்பா முப்பது வருடம் விசைப்படகில் டிரைவர். நெஞ்சு வலி வந்து மதுரைக்குக் கொண்டுபோய் ஸ்டென்ட் வைத்தோம். அதன் பிறகு தினமும் ராத்திரி ஒரு மாத்திரை: கொலஸ்ட்ரால் மருந்தும் ஆஸ்பிரின் 75-ம் சேர்ந்த கேப்சூல். இந்த மாதிரிக் கேப்சூல்களில் பெயருக்குப் பின்னால் 'ஏவி', 'கோல்டு' என்று ஏதாவது இருக்கும். உள்ளே ஆஸ்பிரின் இருக்கிறது என்று சாப்பிடுகிறவருக்குத் தெரியாது.

படகை விட்ட பிறகு முழங்கால் வலி ஆரம்பித்தது. ராத்திரி தூங்கப் போகும்போது ஒரு டிஸ்பிரினை டம்ளரில் போட்டு, அது நுரைத்துக் கரைவதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். அதைக் குடித்தால்தான் தூக்கம். அந்த அட்டைகள் போனது என் கடையிலிருந்துதான். நானே எடுத்துக் கொடுத்திருக்கிறேன், கல்லாவில் இருந்தபடியே. போதாததற்கு வலி அதிகமான ஒரு வாரத்தில் பக்கத்து ஊர் கிளினிக் ஒன்றில் இரண்டு ஊசி போட்டுவிட்டு வந்தார். டைக்ளோஃபெனாக். தினமும் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. அவர்களைக் குறை சொல்லி என்ன, நானே கேட்கவில்லை.

ஒரு நாள் காலையில் அம்மா கூப்பிட்டு, "அப்பாவுக்கு மூணு நாளா கறுப்பாப் போகுதாம்" என்றாள். அப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். முகம் வெளிறிப்போயிருந்தது. "கணவாய் ஆக்கினோம்ல, அந்த மையா இருக்கும்டா" என்றார். கணவாய் மை குழம்பைக் கறுப்பாக்கும், ஒத்துக்கொள்கிறேன். இரும்புச் சத்து மாத்திரையும் மலத்தைக் கறுப்பாக்கும். ஆனால் அவர் சொன்ன அடுத்த வார்த்தையில் எனக்குப் புரிந்துவிட்டது: "வத்தைக்கு அடியில பூசுற தார் கணக்கா ஒட்டுது, நாத்தம் தாங்கல." மேல் வயிற்றில் கசிந்த ரத்தம் குடல் வழியாக இறங்கி வரும்போது அப்படித்தான் ஆகும். தார் நிறம், பிசுபிசுப்பு, வழக்கமில்லாத துர்நாற்றம். வலியே இல்லாமலும் வரும். இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றி, எண்டோஸ்கோப்பியில் புண்ணைப் பார்த்து, பத்து நாள் கழித்து வீட்டுக்குக் கூட்டி வந்தோம்.

ஸ்டென்ட்டுக்கான ஆஸ்பிரினை நிறுத்தினார்களா என்று கேட்பீர்கள். டாக்டர்கள் கூடிப் பேசி, சில நாள் இடைவெளியில் அதைத் திரும்பத் தொடங்கினார்கள், வயிற்றுக்குப் பாதுகாப்பாகக் காலையில் வெறும் வயிற்றில் பேன்டோபிரசோல் சேர்த்து. நிறுத்தினது டிஸ்பிரினையும் ஊசியையும்தான். முழங்காலுக்கு இப்போது பாராசிட்டமாலும் தேய்க்கிற ஜெல்லும்.

"கோட்டிங் உள்ள மாத்திரைதானே, வயித்துல கரையாதே, அப்புறம் எப்படி புண்ணாகும்" என்று அப்பா கேட்டார். பலர் கேட்பதுதான். மேலுறை நேரடி எரிச்சலைக் கொஞ்சம் குறைக்கலாம். ஆனால் குடலில் கரைந்து ரத்தத்தில் கலந்த பிறகும் அது வயிற்றுப் படலத்தின் நொதியை முடக்கத்தான் போகிறது. உறை போட்டதால் ரத்தக் கசிவு வராது என்று நம்ப வேண்டாம்.

ஐபுபுரூஃபெனும் டைக்ளோஃபெனாக்கும்

வீக்கத்தோடு கூடிய வலிக்கு, சுளுக்குக்கு, பல் வலிக்கு இவை ஆஸ்பிரினைவிட நன்றாகவே கேட்கும். இளவயசு, வேறு நோயில்லை, வயிற்றில் சாப்பாடு இருக்கிறது, இரண்டு நாள் மட்டும் என்றால் ஐபுபுரூஃபென் 400 ஒன்று போடுவதில் பெரிய ஆட்சேபம் எனக்கில்லை.

படகு ஜாடியில் மட்டும் வைக்க மாட்டேன், கிட்னிக்காக. வெயிலில் வேர்வை ஆறாகக் கொட்டும், குடிக்கிற தண்ணீரோ அளந்துதான். உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது கிட்னிக்கு ரத்தம் போவதைத் தாங்கிப் பிடிப்பதும் அந்தப் புரோஸ்டாகிளாண்டின்தான். அந்த நேரத்தில் இந்த மாத்திரைகளைப் போட்டால் கிட்னி திடீரென்று சுணங்கும். பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் மோசம்.

இதய நோயாளிகளுக்கு டைக்ளோஃபெனாக் வேண்டாம் என்று ஐரோப்பிய மருந்து முகமை 2013-இலேயே சொல்லிவிட்டது. ஐபுபுரூஃபெனில் வேறு ஒரு சிக்கல். ஆஸ்பிரின் ரத்தத்தில் ஆஸ்பிரினாகத் தங்குவது கொஞ்ச நேரம்தான். இருபது நிமிடத்துக்குள் பாதி உருமாறிவிடும். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் அது தட்டணுவின் நொதியில் போய்ப் பூட்டிக்கொள்ள வேண்டும். ஐபுபுரூஃபென் முன்னாலேயே வந்து அந்த இடத்தில் நின்றுவிட்டால், நாம் ஜெட்டிக்கு வரும்போது நம் இடத்தில் வேறு படகு கட்டிக் கிடக்கிற மாதிரிதான். அது அவிழ்த்துக்கொண்டு போவதற்குள் ஆஸ்பிரின் உருமாறித் தீர்ந்துவிடும். ஸ்டென்ட் வைத்தவர் ஆஸ்பிரின் சாப்பிட்டும் சாப்பிடாத கதை. தவிர்க்க முடியாமல் ஐபுபுரூஃபென் போட்டே ஆக வேண்டுமென்றால், சாதாரண ஆஸ்பிரினைப் போட்டு அரை மணி நேரமாவது கழித்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் ஐபுபுரூஃபென் போட்டு எட்டு மணி நேரம் கழித்துத்தான் ஆஸ்பிரின். உறை உள்ள ஆஸ்பிரினுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. இவ்வளவு நேரம் பார்த்து யார் போடப்போகிறார்கள்? அதனால்தான் தவிர்த்துவிடு என்கிறேன்.

தைலம் பற்றி ஒரு வார்த்தை. கடைத் தைலங்களில் மணக்கிற மெத்தில் சாலிசிலேட் ஆஸ்பிரினின் சொந்தக்காரன். மேலுவலிக்குத் தேய்ப்பது நல்ல வழிதான், ஜாடியில் ஒரு டப்பா இருக்கட்டும். ஆனால் கீறலில், புண்ணில் தேய்க்கக் கூடாது. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின், அசிட்ரோம் சாப்பிடுகிறவர்கள் உடம்பெல்லாம் அப்பிக்கொள்ளக் கூடாது, ரத்தம் அளவுக்கு மீறி இளகிப்போகும். வின்டர்கிரீன் தைலம் கிட்டத்தட்ட முழுக்க முழுக்க இதுதான். வீட்டில் வைத்திருந்தால் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். ஒரு டீஸ்பூன் குடித்தால் குழந்தை பிழைப்பதே கஷ்டம்.

திருக்கை முள்ளுக்கு மாத்திரை எதுவும் இல்லை

மச்சான் இதைத்தான் அதிகம் கேட்டார். வலை மடியைக் கொட்டி மீனைப் பிரிக்கும்போது திருக்கை வாலை அடித்தால், கெளுத்தி முள் ஏறினால், உயிர் போகிற வலி. போன வருடம் ஒரு பையனுக்கு மூன்று டிஸ்பிரின் கரைத்துக் கொடுத்தார்களாம். வலியும் குறையவில்லை, காயத்தில் ரத்தமும் நிற்கவில்லை.

இதற்குச் சுடுதண்ணீர்தான். முள்ளின் விஷம் புரதம், சூட்டில் சிதையும். படகில் சோறாக்குகிற அடுப்பு இருக்கிறதே, போதும். காயம்படாத கையை முதலில் விட்டுப் பார்த்து, தாங்குகிற சூடு என்று தெரிந்த பிறகு, குத்துப்பட்ட கையையோ காலையோ முக்கிவைக்க வேண்டும். வலியில் இருப்பவனுக்குச் சூடு தெரியாது, வெந்துபோகும். அதனால்தான் நல்ல கையில் சோதனை. ஆற ஆறச் சுடுதண்ணீர் சேர்த்து ஒரு மணி, ஒன்றரை மணி நேரம். அதன் பிறகும் மிச்சமிருக்கிற வலிக்குப் பாராசிட்டமால். நெஞ்சிலோ வயிற்றிலோ குத்தியிருந்தால் முள்ளைப் பிடுங்காமல் அப்படியே கரைக்குக் கொண்டுவர வேண்டும். கை, கால் என்றாலும் கரைக்கு வந்ததும் டி.டி. ஊசி, உள்ளே துண்டு இருக்கிறதா என்று படம்.

அப்படியானால் ஆஸ்பிரின் ஜாடியில் வேண்டாமா?

வேண்டும். ஒரே ஒரு காரணத்துக்கு: நெஞ்சு வலி.

இங்கே அதற்கு நிகரான வேறு மாத்திரை என் கடையில் இல்லை. மாரடைப்பு என்றால் இதயத்து ரத்தக் குழாயில் தட்டணுக்கள் ஒன்றுமேல் ஒன்று ஒட்டி அடைத்துக்கொண்டிருக்கின்றன. அந்த ஒட்டலை நிமிடக் கணக்கில் தளர்த்துகிற மாத்திரை இது. 1988-இல் வெளியான ஐசிஸ்-2 ஆய்வில் பதினேழாயிரத்துக்கு மேற்பட்டவர்களைப் பார்த்தார்கள். மாரடைப்பென்று சந்தேகப்பட்டு வந்தவர்களில், ஆஸ்பிரின் இல்லாதவர்கள் நூற்றுக்கு 11.8 பேர் ஐந்து வாரத்துக்குள் இதயம், ரத்தக் குழாய் காரணங்களால் இறந்தார்கள். ஆஸ்பிரின் கொடுத்தவர்களில் 9.4 பேர். ஒரு டீ விலை கூட ஆகாத மாத்திரைக்கு இது சின்ன வேலையில்லை.

தமிழ்நாட்டு அரசு 2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை நிலையங்களிலும் வைத்திருக்கும் 14 மாத்திரைகளில் இரண்டு ஆஸ்பிரின், 150 மில்லிகிராம் வீதம். மற்றவை குளோபிடோக்ரெல் நாலும் அட்டோர்வாஸ்டாட்டின் எட்டும். கரையில் நெஞ்சு வலி என்றால் முதலில் அங்கே ஓடுங்கள், 108-ஐக் கூப்பிட்டுக்கொண்டே. ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஐம்பத்தைந்து கிலோமீட்டர். அந்தத் தூரத்தை வெறும் வயிற்றோடும் ஒரு சோடாவோடும் கடக்கிறவர்கள்தான் நம் ஊரில் அதிகம். 'வாயு பிடிச்சிருக்கு' என்று.

கடலில் என்றால்? நடு நெஞ்சில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவுவது, குளிர்ந்த வேர்வை, மூச்சு முட்டல். இவை இருந்தால் படகைத் திருப்பு. வயர்லெஸ்ஸில் சொல், சிக்னல் இருந்தால் கடலோரக் காவல்படையின் 1554. ஆளை உட்காரவைத்து, 300 மில்லிகிராம் ஆஸ்பிரினை மென்று விழுங்கச் சொல். கரைகிற மாத்திரை என்றால் கொஞ்சம் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கலாம். மெல்லாமல் முழுசாக விழுங்கினால் தாமதமாகும். உறை போட்ட 75 மட்டும்தான் இருக்கிறது என்றால் நாலை எடுத்து நன்றாக மெல்ல வேண்டும். இங்கே மட்டும் உறையை உடைப்பதுதான் நல்லது.

மூன்று பேருக்குக் கொடுக்கக் கூடாது. ஆஸ்பிரினோ வலி மாத்திரையோ போட்டு இளைப்பு வந்தவர், முகம் வீங்கினவர். வயிற்றில் ரத்தக் கசிவு உள்ளவர், ரத்த வாந்தி எடுத்தவர். அப்புறம், வாய் கோணி, ஒரு பக்கம் கை கால் விழுந்து, பேச்சு குழறுகிறவர். இந்த மூன்றாவது ஆளுக்கு வந்திருப்பது பக்கவாதம். அது அடைப்பாலா, மூளையில் ரத்தம் கசிந்தா என்று ஸ்கேன் எடுக்காமல் தெரியாது. கசிவாக இருந்தால் ஆஸ்பிரின் எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றுவது போல. நாக்கடியில் வைக்கிற சார்பிட்ரேட்டும் வேண்டும் என்றார் மச்சான், யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்களாம். டாக்டர் எழுதிக் கொடுத்தவருக்குத்தான் அது. பிரஷர் இறங்கியிருக்கிறவனுக்கு வைத்தால் அப்படியே சாய்ந்துவிடுவான்.

சரி, ஜாடியில் எப்படி வைப்பது என்பதும் முக்கியம். உப்புக் காற்று ஆஸ்பிரினுக்கு ஆகாது. ஈரம் பட்டால் அது சாலிசிலிக் அமிலமாகவும் அசெட்டிக் அமிலமாகவும் பிரிந்துவிடும். அசெட்டிக் அமிலம் என்றால் வேறொன்றுமில்லை, வினிகர். போன வருடத்து ஜாடியை மச்சான் திறந்து காட்டியபோது ஊறுகாய்க் கடை மாதிரி புளித்த வாடை அடித்தது. அட்டையின் ஓரம் கிழிந்து, மாத்திரை பொரிந்துபோயிருந்தது. அதைப் போட்டிருந்தால் வயிறு எரிந்திருக்கும், நெஞ்சுக்கு எதுவும் நடந்திருக்காது. அட்டையைப் பிரிக்காமல், ஜிப் கவரில் போட்டு, மூடி இறுகின ஜாடியில், இன்ஜின் சூடு படாத இடத்தில். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை முகர்ந்து பார்த்து மாற்றிவிட வேண்டும்.

ஆறாவது பெயர்

கடைசியாக ஒரு அட்டையில் படகில் போகிறவர்கள் பெயரை எழுதி, யாருக்கு எது ஆகாது என்று எதிரே குறித்து, மூடிக்குள் ஒட்டிவிடலாம் என்றேன். ஒருவருக்கு வீசிங். ஒருவருக்கு அல்சர். டிரைவருக்குச் சர்க்கரை. ஐந்து பெயர் எழுதியாயிற்று. ஆறாவது மச்சான்.

"எனக்கு ஒண்ணும் இல்ல. நானும் தினம் ஒரு ஈகோஸ்பிரின் போட்டுட்டுத்தான இருக்கேன்."

ஈகோஸ்பிரின் என்றால் ஆஸ்பிரின் 75தான். யார் எழுதிக் கொடுத்தது? யாரும் இல்லை. அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்த வருடத்திலிருந்து, பயத்தில், அப்பா போடுகிறாரே என்று. வயது அறுபத்திரண்டு. என் கடையில் வாங்கினால் நான் கேட்பேன் என்று பாம்பனில் வாங்கியிருக்கிறார்.

இங்கேதான் ஒரே 75 மில்லிகிராம் இரண்டு பேருக்கு இரண்டு வேறு மருந்தாகிறது. அப்பாவுக்கு ஏற்கெனவே அடைப்பு வந்திருக்கிறது, குழாயில் ஸ்டென்ட் இருக்கிறது. திரும்ப அடைக்கிற அபாயம் அவருக்கு அதிகம். ஆஸ்பிரினால் வரும் ரத்தக் கசிவு அபாயத்தை அந்த லாபம் தாண்டிவிடுகிறது. அவர் தானாக ஒரு நாளும் நிறுத்தக் கூடாது, பல் பிடுங்கப் போனாலும் இதய டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. ஒரு வேளை மறந்தால் ஞாபகம் வந்ததும் போடலாம், மறுநாளுக்கு இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது.

மச்சானுக்கு இதுவரை எதுவும் வந்ததில்லை. அப்படிப்பட்டவர்களுக்குத் தினம் ஆஸ்பிரின் தேவையா என்று பார்த்த பெரிய ஆய்வுகள் 2018-இல் வந்தன. சர்க்கரை உள்ள 15,480 பேரை ஏழு வருடத்துக்கு மேல் கவனித்த அசென்ட் ஆய்வில், ஆயிரம் பேருக்கு 11 பேர் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய பாதிப்புகளிலிருந்து தப்பினார்கள். 9 பேருக்குப் புதிதாகப் பெரிய ரத்தக் கசிவு வந்தது. பெரும்பாலும் எழுபது தாண்டிய 19,114 பேரைப் பார்த்த ஆஸ்ப்ரீ ஆய்வில் இதயத்துக்கு லாபமே தெரியவில்லை. பெரிய ரத்தக் கசிவு மட்டும் நூற்றுக்கு 2.8-லிருந்து 3.8 ஆனது. அறுபது தாண்டியவர்கள், இதய நோய் இல்லாதபோது, தடுப்புக்காக ஆஸ்பிரினைத் தொடங்க வேண்டாம் என்று அமெரிக்கத் தடுப்பு மருத்துவக் குழு 2022-இல் சொல்லிவிட்டது. நாற்பதிலிருந்து ஐம்பத்தொன்பது வரை உள்ளவர்களில் அபாயம் அதிகமானவர்களுக்கு மட்டும், டாக்டர் ஆளைப் பார்த்து முடிவெடுக்கலாம் என்கிறது.

மச்சான் விடவில்லை. "அப்ப பயத்துக்கு என்ன செய்ய?" என்றார். பீடியை விடு என்றேன். பிரஷர் எப்போது பார்த்தாய் என்று கேட்டேன். தலையைச் சொறிந்தார். வீடு தேடி வருகிற 'மக்களைத் தேடி மருத்துவம்' அம்மாவிடம்கூட, தான் தொழிலுக்குப் போயிருப்பதாக அக்காவை விட்டுச் சொல்லச் சொல்லி உள்ளே ஒளிந்த ஆள்தானே. பிரஷர் ஏறி இருந்து, அது தெரியாமல் ஆஸ்பிரினும் போட்டுக்கொண்டிருந்தால் மூளையில் கசிகிற அபாயம் கூடும் என்று சொன்னதும் முகம் கொஞ்சம் மாறியது.

நான் சொன்னேன் என்று நிறுத்த வேண்டாம், ஜூன் 15-க்கு முன்னால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரஷர், சர்க்கரை, ஈ.சி.ஜி. மூன்றையும் பார்த்து, இந்த மாத்திரையையும் காட்டிக் கேட்டுவிட்டு வா என்றேன். பெயருக்கு எதிரே பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டேன்.

ஜாடிக்குள் போனவை: பாராசிட்டமால் 650 இரண்டு அட்டை, உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட் பத்து, தைலம் ஒன்று, பஞ்சு, துணி, அயோடின். தனி ஜிப் கவரில் கரைகிற ஆஸ்பிரின் ஒரு அட்டை. கவர் மேல் சிவப்பு மார்க்கரில் 'நெஞ்சு வலிக்கு மட்டும்'. மச்சான் ஜாடியை மூடி, இறுக்கி, தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தார். அப்புறம் சட்டைப் பையிலிருந்து பாதி தீர்ந்த ஈகோஸ்பிரின் அட்டையை எடுத்துக் கல்லாவில் வைத்தார்.

"டாக்டர் வேண்டாம்னு சொல்லிட்டா இத நீ திருப்பி எடுத்துக்கிருவியா?"

"வெட்டின அட்டைய எடுக்க மாட்டோம் மச்சான். அதுவும் பாம்பன்ல வாங்கினது."